விழாமல் வருகிற வலிப்பு

‘அந்தப் பிள்ளைக்கு வலி வாறது’ என்று தீவுப்பக்கம் ஒராள் சொன்னால் கேட்கிறவருக்கு விளக்கம் தேவையில்லை. எங்களுக்கு நோ வேறு, வலி வேறு. காலில முள்ளுக் குத்தினால் நோகும். வலி என்றால் வலிப்புத்தான். சொல்லைக் கேட்ட உடனே தலைக்குள்ள ஒரு படமும் ஓடும். ஆள் விறைச்சு விழும், கைகால் இழுக்கும், வாயில நுரை தள்ளும், ஆராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து கைக்குள் திணிப்பினம். சினிமாவும் இதே படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

அந்தப் படத்தில் இருப்பது உண்மையான வலிப்புத்தான். (சாவிக்கொத்தை இப்போதைக்கு விடுங்கோ, அதுக்குப் பிறகு வருவம்.) ஆனால் அது பல வகைகளில் ஒன்று. விழாமல் வருகிற வலிப்பு இருக்கிறது. நுரை தள்ளாமல், சத்தம் போடாமல், பக்கத்தில் இருக்கிறவருக்கே தெரியாமல் வந்துபோகிற வலிப்பும் இருக்கிறது. அவற்றை எங்கட சனம் வலிப்பென்று கணக்கெடுக்கிறதில்லை. ‘பிராக்குப் பார்க்கிறான்’, ‘தலைக்கனம்’, ‘காத்துக் கறுப்பு’, ‘ஏதோ லவ் பிரச்சினையாம்’ என்று வேறு பெயர்கள் வந்துவிடும். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளத் தீவுக்காரர் கடலும் தாண்டவேண்டும்.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது இதுதான். வலிப்பு எத்தனை விதமாக வரும் என்று தெரிந்துவைத்திருப்பதை வைத்தியரிடம் மட்டும் விட்டுவிட ஏலாது. வலிப்பு வரும்போது வைத்தியர் பக்கத்தில் இருக்கிறதில்லை. வீட்டுக்காரர் இருப்பினம், கூடப் படிக்கிறவர்கள் இருப்பினம், ஒரே படகில் வருகிறவர்கள் இருப்பினம். அவர்கள் கண்டதை ஒழுங்காகக் கண்டு, ஒழுங்காகச் சொல்லப் பழகினால், பாதிப் பரிசோதனை அதிலேயே முடிந்துவிடும்.

எத்தனை விதம்?

மூளையின் நரம்புக் கலங்கள் சின்னச் சின்ன மின் சமிக்ஞைகளால்தான் ஒன்றோடொன்று கதைக்கின்றன. ஒரு கூட்டம் கலங்கள் திடீரென்று ஒரே நேரத்தில், கட்டுப்பாடில்லாமல் மின்னைப் பாய்ச்சினால் அது வலிப்பு. மூளையின் எந்த இடத்தில் அது நடக்கிறதோ, அந்த இடம் செய்கிற வேலை குழம்பும். கையை ஆட்டுகிற இடத்தில் நடந்தால் கை இழுக்கும். மணத்தை உணருகிற இடத்தில் நடந்தால் இல்லாத மணம் மணக்கும். ஞாபகத்தோடு சம்பந்தப்பட்ட இடத்தில் நடந்தால், முதல்முறை காண்கிற இடம்கூட ‘இஞ்ச நான் ஏற்கெனவே வந்திருக்கிறன்’ என்று தோன்றும். மூளை முழுக்க ஒரேயடியாகப் பரவினால்தான் நாங்கள் எல்லாரும் அறிந்த அந்தப் பெரிய வலிப்பு.

வலிப்புக்கு எதிரான சர்வதேசச் சங்கம் 1909இல் தொடங்கப்பட்ட அமைப்பு. அது 2017இல் வெளியிட்ட வகைப்பாடு முதலில் கேட்பது, மூளையின் ஒரு பக்கத்தில் தொடங்கியதா, இரண்டு பக்கமும் சேர்ந்து தொடங்கியதா என்பதை. ஒரு பக்கத்தில் தொடங்கினால், அந்த நேரத்தில் ஆளுக்கு நினைவு இருந்ததா, இல்லையா என்பது அடுத்த கேள்வி. ஆள் விழுந்தாரா என்பது முதல் கேள்வியாக இல்லை என்பதைக் கவனியுங்கோ.

எங்கட வாழ்க்கையில் இவை எப்படி இருக்கும் என்று பார்ப்பம்.

வகுப்பில டீச்சர் சொல்வதெழுதுதல் சொல்லிக்கொண்டு போகிறா. ஒரு பிள்ளை பேனையைப் பிடித்தபடி பத்து விநாடி அப்படியே வெறிச்சுப் பார்க்குது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எழுதத் தொடங்குது. கொப்பியில் நடுவில் இரண்டு சொல் இல்லை. இது ஒரு நாளில் பலமுறை நடக்கலாம். அப்சன்ஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் இந்த வகை சின்னப் பிள்ளைகளில்தான் கூட. பெரும்பாலும் பிள்ளைக்கு அடிதான் கிடைக்கும்.

ஏ.எல். படிக்கிற பெடியன் ஒருவன், இரவிரவாகக் கண்முழித்துப் படித்துவிட்டுக் காலையில் எழும்புகிறான். தேத்தண்ணிக் கோப்பை கையில இருந்து எகிறிப் போய் விழுது. தோள் ரெண்டும் துடிக்குது. ‘நித்திரைத் தூக்கம், வேற ஒன்றுமில்லை’ என்று வீட்டில் சொல்லுவினம். பதின்ம வயதில் தொடங்குகிற ஒரு வகை வலிப்பு நோயின் வழமையான அறிகுறி இது. நித்திரை இல்லாமையும் குடியும் அதைக் கூட்டும்.

அம்மா ஒருவர் அடுப்படியில் நிற்கிறா. மேல்வயிற்றுக்குள் ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வருகிற மாதிரி ஒரு உணர்வு. பிறகு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆள் ‘இஞ்ச’ இல்லை. கண் திறந்திருக்கு. வாய் எதையோ சப்புது. விரல்கள் சட்டைப் பொத்தானை நோண்டுது. கூப்பிட்டால் ‘ஓம்’ என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பிறகு கேட்டால் ஒன்றும் ஞாபகமிருக்காது. சோறு அடிப்பிடித்திருக்கும், அதுக்கும் அவவுக்குத்தான் பேச்சு.

இன்னும் சிலருக்குக் கைகால் ஒன்றும் இழுக்காமல், நூல் அறுந்த பொம்மை மாதிரி உடம்பு பொத்தென்று சரியும். சிலருக்கு நித்திரையில் மட்டும் வரும். காலையில் நாக்குக் கடிபட்டிருக்கும், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி நோகும், பாய் நனைந்திருக்கும். என்ன நடந்ததென்று ஆளுக்கே தெரியாது.

வலிப்புப் போலவே இருந்தும் மூளையின் மின் குழப்பத்தால் வராத நிகழ்வுகளும் உண்டு. பெரிய அதிர்ச்சி, நெடுநாள் மனவழுத்தம் ஆகியவற்றோடு இவை தொடர்புபட்டிருக்கலாம். ‘நடிக்கிறாள்’ என்று சொல்லிவிடுவது மிகவும் சுலபம். ஆனால் அது நடிப்பில்லை. ஆள் விரும்பிச் செய்கிறதும் இல்லை. வலிப்புக் குளிசை அதற்கு வேலைசெய்யாது, உளவளச் சிகிச்சை வேலைசெய்யும். போர் கடந்து வந்த சமூகம் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முயலகனின் பழைய பெயர்

நடராசர் காலடியில் கிடக்கிற குள்ள உருவத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தமிழில் முயலகன், வடமொழியில் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் அபஸ்மாரம் என்பது வலிப்பு நோயின் பெயர். தமிழிலும் முயலகன் என்றே ஒரு நோய்க்குப் பெயர் இருந்தது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளுக்கு வந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது.

அபஸ்மாரம் என்ற சொல்லுக்குள் இருப்பது நினைவு அழிதல். விழுதலோ நுரையோ அதில் இல்லை. பெயர் வைத்தவர்கள் அந்த ‘ஆள் இஞ்ச இல்லை’ என்ற ஒன்றரை நிமிடத்தைக் கவனித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ‘காக்கை வலிப்பு’ என்ற பெயர் வாயில் நிலைத்தபோது இழுப்பும் துடிப்பும் மட்டும் எங்கட கண்ணில் மிஞ்சிவிட்டது.

கோயில் பற்றியும் கதைக்கவேண்டும். திருவிழாவில் உரு வந்து ஆடுகிறவர்களை எல்லாம் நோயாளிகள் என்று சொல்லுகிற எண்ணம் எங்களுக்கில்லை. அது வேறு உலகம். வித்தியாசம் காணுகிறதுக்கும் பெரிய படிப்புத் தேவையில்லை. உரு மேளத்தோடு வரும், பூசையோடு வரும், சனத்துக்கு நடுவில வரும். வலிப்புக்கு இடம் பொருள் தெரியாது. கிணத்தடியிலும் வரும், பஸ்ஸிலும் வரும், தனியப் படுத்திருக்கேக்கயும் வரும். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடியும். அப்படி வந்தால் வைத்தியரிடம் போகவேண்டும். நூல் கட்டுகிறவை கட்டட்டும், பார்வை பார்க்கிறவை பார்க்கட்டும். குளிசை நிற்காமல் இருந்தால் காணும்.

விரதகாரருக்கும் ஒரு சொல். நித்திரை முழிப்பு, பட்டினி, குளிசை தவறுதல் மூன்றும் ஒன்றாகச் சேருகிற நாட்கள் திருவிழாவும் கந்தசஷ்டியும். நயினாதீவுத் திருவிழாவுக்கு முதல்நாளே போய் நிற்கிற வலிப்பு நோயாளி, குளிசையை நேரத்துக்குப் போட்டு, நித்திரை கொண்டு, பால் பழமாவது சாப்பிட்டால் அம்மன் கோவிக்கமாட்டா.

‘நான் விழேல்லயே’

எங்கட கூட்டத்தில் ஒராளுக்கு வலிப்பு இருக்கிறது. ஊர் நெடுந்தீவு. பெயரை எழுதவில்லை, எழுதவேண்டாம் என்று சொன்னது அவள். எழுதியதை வாசித்து ‘சரி, போடுங்கோ’ என்று சொன்னதும் அவள்தான்.

ஒன்பதாம் வகுப்பில் முதல் வலிப்பு வந்தது. ஊரறிந்த அந்தப் பெரிய வலிப்பு. மருந்து தொடங்கினார்கள், நின்றுவிட்டது. ஏ.எல். எழுதி, பல்கலைக்கழகம் வந்து, அறை எடுத்துத் தங்கி, இரண்டாம் வருடம் வரை ஒன்றுமில்லை. பிறகு புதுசாக ஒன்று தொடங்கியது. வயிற்றுக்குள் ஒரு எழுப்பம். இது ஏற்கெனவே நடந்ததென்ற ஒரு விசித்திரமான உணர்வு. அதுக்குப் பிறகு ஒரு வெட்டு. அடுத்ததாக ஞாபகமிருக்கிறது, எல்லாரும் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதுதான்.

அவளுக்கே அது வலிப்பென்று தோன்றவில்லை. ‘நான் விழேல்லயே’ என்றாள். வலிப்பு இருக்கிற ஒருத்தி, வருசக்கணக்காகக் குளிசை போட்டவள், தன் வலிப்பையே அடையாளம் காணவில்லை. அந்த ஒற்றைப் படம் நோயாளியின் தலைக்குள்ளும் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. மற்றவர்கள் சொன்னது இன்னும் மோசம். முகத்துக்கு நேரே கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் வெறிக்கிறாளாம். ஒரு விரிவுரையாளர் வகுப்பை விட்டு எழும்பிப் போகச் சொன்னார். ஏதோ போதையாம் என்றுகூட ஒரு கதை ஓடியது.

மாற்றியது ஒரு கொப்பி. அறைத்தோழி ஒரு பழைய சி.ஆர். கொப்பியில் திகதி, நேரம், எவ்வளவு நேரம், என்ன செய்தாள் என்று குறித்து வந்தாள். ஆறு கிழமையில் பதினொரு தடவை. அதில் எட்டு, பிந்திப் படுத்ததுக்கு அடுத்தநாள். ஒருமுறை அவளின் சம்மதத்தோடு போனில் வீடியோவும் எடுத்தாள். கிளினிக்கில் வைத்தியர் கொப்பியை இரண்டு தரம் வாசித்து, வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னது: ‘இதுவும் வலிப்புத்தான். தொடக்கத்திலிருந்தே இதுதான் அடியில இருந்திருக்கலாம்.’ மருந்து மாறியது. இப்ப மாதக்கணக்காக ஒன்றுமில்லை.

கடல் தாண்டிப் போகிற வைத்தியம்

நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வர பஸ்ஸில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நயினாதீவுக்காரருக்குக் கடல் குறைவு, பஸ் அதேதான். ஊர்காவற்றுறைக்குத் தரைவழி இருக்கிறது, ஆதார வைத்தியசாலையும் இருக்கிறது. ஆனால் நரம்பியல் வைத்தியரைப் பார்க்க எல்லாத் தீவுக்காரரும் நகரத்துக்குத்தான் வரவேண்டும்.

கிளினிக் நாளை யோசித்துப் பாருங்கோ. முதல் படகைப் பிடிக்க விடிய முன்னம் எழும்பவேண்டும். சாப்பாடில்லை. படகில் சத்தி எடுத்தால் போட்ட குளிசையும் வெளியில. வலிப்பைத் தூண்டுகிற காரணங்களில் முக்கியமானவை நித்திரையின்மையும் மருந்து தவறுதலும். வைத்தியம் பார்க்கப் போகிற பயணமே அவை இரண்டையும் கொண்டுவருகிறது. சோளகக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு நின்றால் கிளினிக் திகதியும் போகும், குளிசையும் முடியும். 2022 நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடும் எண்ணெய்த் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது தீவுகளில் இது இரட்டிப்பு அடி. வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நிற்காமல் தொடர்கிற வலிப்பில் கொண்டுபோய் விடலாம். 1990 அம்புலன்ஸ் 2018 யூலையில் வடக்குக்கு வந்தது நல்ல விசயம். ஆனால் வாகனம் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும்.

இவ்வளவு பாடுபட்டுப் போனாலும் வைத்தியருக்கு முன்னால் இருக்கிறது சில நிமிடம். அந்த நேரத்தில் வலிப்பு வராது. ஈ.ஈ.ஜி. எடுத்தால் வழமையாக அரை மணித்தியால அளவு மூளையின் மின்னோட்டம்தான் பதிவாகும். அது சரியாக இருந்தால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமும் இல்லை. ஆகவே ‘என்ன நடந்தது, ஆர் கண்டது?’ என்ற கேள்விதான் இன்றைக்கும் முதல் பரிசோதனை. மனித மூளையின் மின்னோட்டத்தை ஹான்ஸ் பெர்கர் முதலில் பதிவுசெய்தது 1924இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னமே இங்கிலாந்தில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன், இழுப்பு விரலில் தொடங்கிக் கைவழியாக ஏறுகிறதைக் கவனித்தே அது மூளையின் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று கணித்தார். இன்றும் ஒரு வகை வலிப்புக்கு அவருடைய பெயர் இருக்கிறது.

வகை தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? மருந்து அதைப் பொறுத்துத்தான். கார்பமசெபின் என்ற குளிசை ஒரு பக்கத்தில் தொடங்குகிற வலிப்புக்கு நல்ல மருந்து. அதே குளிசை அப்சன்ஸ் வகையையும் காலைத் துடிப்பையும் கூட்டிவிடலாம். ‘வலி வாறது டொக்டர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பை எகிறுகிறதைச் சொல்லாமல் வந்தால், பிழையான மருந்தோடு திரும்பவும் கடல் தாண்டவேண்டிவரும். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறதாம். ஒழுங்காகக் கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் அவர்களில் 100க்கு 70 பேர்வரை வலிப்பே வராமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 70க்குள் எங்கட ஆக்கள் வருகிறதும் வராததும் இந்தச் சின்னத் தகவல்களில் தங்கியிருக்கிறது.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. வியட்நாம் போரில் மூளை துளைபட்டுக் காயப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 35 வருடத்துக்குப் பிறகு பார்த்தபோது 100க்கு 44 பேர் அளவில் வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சிலருக்கு முதல் வலிப்பே காயப்பட்டு 14 வருடத்துக்குப் பிறகுதான் வந்தது. தலைக்குள் ஷெல் பீசோடு வாழ்கிற எத்தனை பேரை எங்களுக்குத் தெரியும்! 2009ஐ ‘அது முடிஞ்ச கதை’ என்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். நாற்பது வயதில் ஒராள் திடீரென்று வெறித்துப் பார்க்கத் தொடங்கினால், பழைய காயத்தையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

‘நாளைக்கு ஆர் கட்டுறது?’

இதையெல்லாம் வெளியில் கதைக்கச் சொன்னால் முதலில் வருகிற மறுப்பு கலியாணம். ‘உங்களுக்கென்ன, எழுதிப்போட்டுப் போயிடுவியள். என்ர பிள்ளையை நாளைக்கு ஆர் கட்டுறது?’ என்று ஒரு மாமி எங்களிடம் கேட்டா. அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள ஏலாது. அவ பயப்படுகிற சமூகம் உண்மையிலேயே இருக்கிறது. சட்டங்கள்கூட அப்படி இருந்தன. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லை 1999இல்தான் எடுத்தார்கள்.

ஆனால் மறைப்பதுக்கு என்ன விலை என்றும் பார்க்கவேண்டும். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புகுந்த வீட்டில் முதல்நாளே குளிசையை ஒளிக்கவேண்டும். ஒளிக்க இடமில்லாவிட்டால் நிறுத்தவேண்டும். நிறுத்தினால் வலிப்பு வரும். வந்தபிறகு ‘ஏமாத்திப் போட்டினம்’ என்ற பேச்சும் சேர்ந்து வரும். இன்னொன்று, வல்ப்ரோயேட் என்கிற குளிசை கருவில் உள்ள பிள்ளையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. ஏறத்தாழ பத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், பிள்ளையின் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். அதைப் போடுகிற பெண் பிள்ளைப்பேற்றுக்கு முன்னமே வைத்தியரோடு கதைத்து மருந்தை மாற்றவேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாத நோய்க்கு இந்தக் கதையை எப்படிக் கதைக்கிறது?

எல்லாரும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரியவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆரிடம் சொல்லுகிறது என்பதை நோயாளிதான் முடிவெடுக்கவேண்டும். ஆனால் ஒரு ஆளாவது தெரிந்திருக்கவேண்டும்: ஒரே அறையில் படுக்கிறவர், ஒரே படகில் போகிறவர், கட்டப் போகிறவர். பந்தைப் பாய்ந்து பிடிக்கிறதில் பெயரெடுத்த ஜொன்டி ரோட்ஸுக்கு வலிப்பு நோய் இருந்தது. அதை அவர் வெளியில் சொல்லியே கிரிக்கெட் விளையாடினார். டிஸ்னி நடிகர் கமரோன் பொய்ஸ் 2019 யூலையில் 20 வயதில் நித்திரையில் இறந்ததும் வலிப்பு நோயால்தான். பயமுறுத்த இதை எழுதவில்லை. குளிசையைத் தவறவிடாமல் போடுகிறதும் தனியாக இல்லாமல் இருக்கிறதும் உயிர் காக்கிற காரியங்கள் என்பதுக்காக எழுதுகிறம்.

என்ன செய்யலாம்?

அதிகாரிகளிடம் கேட்கவேண்டியது பெரிய கட்டடமில்லை. சோளகம் தொடங்க முன்னம் தீவு வைத்தியசாலைகளில் வலிப்பு மருந்து கையிருப்பு இருக்கவேண்டும். கடல் மோசமான மாதங்களில் நோயாளிக்கு இரண்டு மாதக் குளிசை ஒன்றாகக் கொடுக்கலாம். நிலையாக இருக்கிற நோயாளியை ஒவ்வொரு முறையும் கடல் தாண்ட வைக்காமல், தீவு வைத்தியர் முன்னால் இருக்க, நகரத்து நரம்பியல் வைத்தியர் வீடியோவில் பார்க்கலாம். ஆசிரியர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் அரைநாள் பயிற்சி கொடுக்கலாம்.

தீவில் தண்ணீர் தனிப் பிரச்சினை. வலிப்பு உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கிற ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. அதுக்காக ‘கடற்கரைப் பக்கமே போகாதே’ என்றால், தீவில் அது ஒராளை வீட்டுக்குள் பூட்டுகிறதுதான். தனியாக நீந்தாமல், தனியாக வள்ளத்தில் போகாமல், படகில் மிதப்பு அங்கியைக் கழற்றாமல் இருக்கலாம். கிணத்துக் கட்டில் ஏறி நிற்காமல் வாளியில் அள்ளிவைத்துத் தள்ளி நின்று குளிக்கலாம். குளியலறைக் கதவை உள்ளுக்குப் பூட்டாமல் விடலாம்.

பெரிய வலிப்பைக் கண்டால் நேரத்தைப் பாருங்கோ. தலைக்குக் கீழ் மெத்தையாக ஏதாவது வையுங்கோ. கூரான, சூடான பொருட்களைத் தள்ளுங்கோ. இழுப்பு அடங்கியதும் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கோ. கைகாலை அமுக்க வேண்டாம். வாய்க்குள் விரலோ கரண்டியோ தண்ணியோ வேண்டாம். சாவிக்கொத்து ஒன்றும் செய்யாது. இரும்பு பிடித்தபிறகு நின்றால், அது தானாக நிற்கிற நேரம் வந்ததாலதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், நினைவு திரும்பமுன் மறுபடி வந்தால், முதல்முறை வலிப்பென்றால், தண்ணிக்குள் நடந்தால், உடனே கிட்டவுள்ள வைத்தியசாலை. கடல் தாண்ட ஒரு மணித்தியாலம் எடுக்கிற இடத்தில் இருக்கிறவர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் என்ன செய்வது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்கவேண்டும்.

விழாத வலிப்பைக் கண்டால் இன்னும் சுலபம். கத்தாமல், உலுக்காமல் பக்கத்தில் நில்லுங்கோ. ஆள் நடந்தால் அடுப்பு, கிணறு, படகு விளிம்பு பக்கம் போகவிடாமல் மெதுவாகத் திருப்புங்கோ. தெளிந்ததும் எங்க நிற்கிறம், என்ன நேரம் என்று சொல்லுங்கோ. பிறகு எழுதுங்கோ: எப்ப தொடங்கினது, தொடங்கமுன் ஆள் என்ன சொன்னார், கண் திறந்திருந்ததா, எந்தப் பக்கம் இழுத்தது, கூப்பிட்டதுக்குப் பதில் வந்ததா, எத்தனை நிமிடம், தெளிய எவ்வளவு நேரம், முதல்நாள் நித்திரை கொண்டாரா, குளிசை போட்டாரா. வீடியோ எடுக்கலாம், ஆனால் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கோ. அது வைத்தியருக்கு மட்டும். வட்ஸ்அப் குறூப்புக்கு அனுப்புகிறவனை நண்பன் என்று சொல்ல ஏலாது.

இது வாசிக்கிற உங்களில் ஆருக்காவது இந்த வெறிப்பு, இந்த வயிற்று எழுப்பம், இந்தக் காலைத் துடிப்பு இருந்தால் இன்றைக்கே ஒராளிடம் சொல்லுங்கோ. இணையத்தில் தேடி நீங்களே பெயர் வைக்கவும் வேண்டாம், குளிசையைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குக் குறிகட்டுவானில் இறங்கும்போது பையில் இரண்டு சாமான் இருக்கட்டும்: ஒரு நேரக் குளிசை கூடுதலாக, கண்டதை எல்லாம் எழுதின ஒரு கொப்பி.